மண்ணெண்ணெய் ஏறும் வழி

பருத்தித்துறையில் நின்று நேர் வடக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வரைபடத்தில் அது கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 14 கலை. கடலை வெட்டிக்கொண்டு போகும் அந்தக் கோடு மாமல்லபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவே எங்கோ கரையேறும். புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 350 கிலோமீற்றரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்து மரங்களை ஊடறுக்கும். இன்னும் 80 கிலோமீற்றர் போனால் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். ஒரு கலை, இரண்டு கலை முன்பின்னாக மூன்று இடங்களும் ஒரே கோட்டில் அடுக்கி வைத்தாற்போல் கிடக்கின்றன.

2024 மே 30 காலை 7.15 மணிக்கு அந்தக் கோட்டின் வட முனையிலிருந்து ஒரு சின்ன ரொக்கெட் கிளம்பியது. உயரம் 6.2 மீற்றர்; வளர்ந்த பனையின் மூன்றிலொரு பங்குதான். புறப்படும்போது 575 கிலோ. அதைச் செய்தது அரசாங்கம் அல்ல, சென்னை ஐ.ஐ.டி.யில் முளைவிட்ட 'அக்னிகுல் கொஸ்மொஸ்' என்ற சிறு நிறுவனம். ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் எஸ்.பி.எம். என்ற இரண்டு இளைஞர்கள், எரிதல் துறையில் ஆய்வு செய்யும் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியோடு சேர்ந்து 2017இல் தொடங்கியது. ரொக்கெட்டின் பெயர் 'அக்னிபாண்'. அதைத் தூக்கிய எஞ்சினின் பெயர் 'அக்னிலெட்'.

விண்வெளி என்றதும் நாங்கள் கேள்விப்படாத ஏதோ அரிய எரிபொருள் இருக்கும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அக்னிலெட் குடித்தது விமான எரிபொருள். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கிற விமானத்தின் தாங்கியில் இருப்பதும் அதுதான், பெரும்பாலும் மண்ணெண்ணெய். அதை எரிக்கக் கொண்டுபோன ஒட்சிசனும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் தரத்துத் திரவ ஒட்சிசன்தான். கடையில் வாங்கக்கூடிய இரண்டு பொருள்கள். அப்படியானால் இந்த எஞ்சினில் புதிது என்ன?

அதைச் சொல்ல மண்ணெண்ணெயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நல்லவேளையாக, யாழ்ப்பாணத்து வாசகருக்கு அந்த எண்ணெயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

எங்களுக்குத் தெரிந்த எண்ணெய்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காத பொருளாயிற்று. கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெயில்தான் எல்லாம் ஓடியது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடின. தோட்டங்களில் அது அதற்கும் முந்திய பழக்கம். கிணற்றடி இறைப்பு மெசினைப் பெற்றோலில் தொடக்கி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள்.

ஏன் நேரே மண்ணெண்ணெயில் தொடக்க முடியாது? திரவமாக இருக்கும் எண்ணெய் எரிவதில்லை; அதன் ஆவிதான் எரிகிறது. பெற்றோலின் மூலக்கூறுகள் சிறியவை, சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயின் காபன் சங்கிலிகள் நீளமானவை. சூடு கொடுத்தால்தான் அசையும். முதலில் எஞ்சின் சூடாக வேண்டும், பிறகே மண்ணெண்ணெய். தடைக்காலத்தில் கார்ச் சாரதிகள் சில சொட்டுப் பெற்றோலைப் பொன்போல் பாதுகாத்து வைத்திருந்தது இதற்காகத்தான்.

இன்னொரு குணமும் எங்கள் மெக்கானிக்மாருக்கு நன்றாகத் தெரியும்: மண்ணெண்ணெய் கரி பிடிக்கும். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது அன்றாட வேலையாக இருந்தது. அளவுக்கு மேல் சூடானால் அந்த நீண்ட சங்கிலிகள் உடைந்து கரியாகப் படிகின்றன. இதே தொல்லை ரொக்கெட் எஞ்சினிலும் வரும்.

இத்தனைக்கும் ரொக்கெட்காரர் இதை ஏன் விடுவதில்லை? எடைக்கு எடை பார்த்தால் திரவ ஐதரசன்தான் திறமானது. ஆனால் அதை மறை 253 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். ஒரு லீற்றர் 70 கிராம்தான் இருக்கும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 800 கிராம். ஐதரசனுக்குப் பெரிய தாங்கி வேண்டும், தாங்கியைச் சுற்றி வெப்பக்காப்பு வேண்டும். மண்ணெண்ணெய் பரலில் ஊற்றி வைத்தாலும் பேசாமல் இருக்கும். கடுங்குளிரில் வைக்க வேண்டியது அதன் கூட்டாளியான ஒட்சிசனை மட்டும். அது மறை 183 பாகையில் கொதிப்பது. இரண்டில் ஒன்று மட்டுமே கடுங்குளிர் என்பதால் இவ்வகை எஞ்சினை 'செமி கிரயோஜெனிக்' என்கிறார்கள். அரைவாசிக் கடுங்குளிர் எஞ்சின்.

இரண்டரைக் கிலோக் கணக்கு

மோட்டார் சைக்கிள் எஞ்சின் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். மேலே போகப் போகக் காற்று மெலிந்து இல்லாமலே போய்விடுவதால், ரொக்கெட் தன் ஒட்சிசனைத் தானே சுமக்க வேண்டும். சுமக்கிற பாரத்தில் பெரும் பங்கு அதுதான்: ஒரு கிலோ மண்ணெண்ணெய்க்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஒட்சிசன்.

இரண்டும் எரிகலத்தில் சந்தித்து எரிந்து, உண்டாகும் சூடான வாயு ஒடுங்கிய கழுத்து வழியாக மிக வேகமாக வெளியே பாய்கிறது. வாயு கீழே போக, ரொக்கெட் மேலே போகிறது. வாயு தரையையோ காற்றையோ உதைக்க வேண்டியதில்லை. வள்ளத்தில் நின்று வலைக்கட்டைக் கரைக்கு எறிந்தால் வள்ளம் பின்னால் நகருமே, அதே கதைதான். எறிகிற எடையும் எறியும் வேகமும் கூடக் கூட உதைப்பும் கூடும்.

அக்னிலெட்டின் உதைப்பு ஏறத்தாழ 6.2 கிலோநியூற்றன். வாயு வினாடிக்கு 2.5 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், வினாடிக்கு இரண்டரைக் கிலோ எரிபொருளும் ஒட்சிசனும் எரிய வேண்டும். அந்த உதைப்பால் சுமார் 630 கிலோவைத் தூக்கி நிறுத்தலாம். ரொக்கெட்டோ 575 கிலோ. மிச்சம் இருக்கும் கொஞ்சப் பலத்தில்தான் அது மேலேறத் தொடங்குகிறது. எரிய எரியப் பாரம் குறைந்து வேகம் பிடிக்கிறது.

மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய சற்றேர்ன்-5 ரொக்கெட்டின் அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள் இருந்தன. அவையும் மண்ணெண்ணெய் எஞ்சின்கள்தான். ஒவ்வொன்றும் வினாடிக்கு இரண்டரைத் தொன் குடித்தது. அக்னிலெட்டைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அளவுதான் வேறு, தத்துவம் ஒன்று.

அந்தத் தத்துவத்துக்கு வயது நூறு. 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், ஓபேர்ண் என்ற ஊரின் ஒரு பண்ணையில், றொபேட் கொடார்ட் முதலாவது திரவ எரிபொருள் ரொக்கெட்டை ஏவினார். பெற்றோலும் திரவ ஒட்சிசனும். இரண்டரை வினாடி பறந்து, 12 மீற்றர் உயரம் போய், 56 மீற்றருக்கு அப்பால் கோவாத் தோட்டத்தில் விழுந்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் அதே வித்தை ஜேர்மனியின் வி-2 ஆகி இலண்டன் மீது விழுந்தது. ரொக்கெட் என்ற சொல் எங்கள் ஊரில் எந்த நினைவுகளோடு வருகிறதோ அந்த நினைவுகள் இந்தத் தொழில்நுட்பத்தின் பிறப்பிலேயே இருக்கின்றன. அதை மறைத்துவிட்டு அறிவியல் பேசுவதில் அர்த்தமில்லை.

அமுக்கம் கொடுப்பது யார்?

எரிகலத்துக்குள் அமுக்கம் மிக அதிகம். அதற்குள் எண்ணெயை அனுப்ப வேண்டுமானால், உள்ளே இருக்கும் அமுக்கத்தைவிடக் கூடிய அமுக்கத்தோடு தள்ள வேண்டும். ரொக்கெட் எஞ்சினில் பாதிக் கஷ்டம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இலகுவான வழி பெற்றோமக்ஸ் வழி. கோவில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் அதற்குக் காற்றடித்தவர்களுக்கு நினைவிருக்கும். தாங்கியில் மண்ணெண்ணெய், மேலே அடைத்த காற்று. காற்று எண்ணெயை அமுக்க, எண்ணெய் குழாய் வழியே மேலேறும். ரொக்கெட்டில் காற்றுக்குப் பதில் ஹீலியம் போன்ற வாயு. அசையும் பாகம் எதுவும் இல்லை, பழுதாக இடமும் குறைவு. ஆனால் முழுத் தாங்கியும் அந்த அமுக்கத்தைத் தாங்க வேண்டும். தாங்கியின் சுவர் தடிக்கும், தடித்தால் பாரம் கூடும். சிறிய ரொக்கெட்டுக்குச் சரி. பெரியதைத் தன் தாங்கியே தூக்கவிடாது.

அடுத்த வழி, தாங்கியை மெல்லிய தகட்டில் செய்துவிட்டு, எஞ்சின் வாசலில் பம்பி வைப்பது. அந்தப் பம்பியைச் சுழற்ற ஒரு சுழலி. எரிபொருளில் ஒரு பங்கைத் தனியே எரித்து, அந்த வாயுவால் சுழலியைச் சுழற்றுவார்கள். எஃப்-1 எஞ்சினின் பம்பிக்கு மட்டும் 55,000 குதிரைவலு வேண்டியிருந்தது. ஒரு அச்சின் ஒரு பக்கத்தில் மறை 183 பாகைக் குளிர். மறுபக்கத்தில் நெருப்பு வாயு. நடுவே ஒரு துளி கசிந்தாலும் ஒட்சிசனும் எரிபொருளும் சேரக்கூடாத இடத்தில் சேரும். இப்படி ஒன்றைச் செய்து முடிக்கப் பெரிய அரசாங்க நிறுவனங்களுக்கே ஆண்டுக்கணக்கு ஆகிறது. சின்ன நிறுவனம் ஒன்று இதில் கைவைத்தால் முதலீடு பம்பியோடேயே கரைந்துவிடும்.

சின்ன நிறுவனங்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது மூன்றாவது வழி: பம்பியை மின்மோட்டரால் சுழற்றுவது. நியூசிலாந்தில் தொடங்கிய 'ரொக்கெட் லாப்' நிறுவனம் தன் 'றதர்ஃபோட்' எஞ்சினில் இதைச் செய்து காட்டியது. 2018 ஜனவரியில் அதன் 'எலெக்ட்ரோன்' ரொக்கெட் சுற்றுப்பாதையை அடைந்தது. சுழலி இல்லை, அதை ஓட்டத் தனி நெருப்பு இல்லை. லிதியம் பற்றரிதான். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுபோல எஞ்சினின் பலத்தையும் கணினி கூட்டிக் குறைக்கும். சுற்றுப்பாதைக்குப் போகவிருக்கும் அக்னிபாணுக்கு அக்னிகுல் வகுத்திருக்கும் வழியும் இதுதான்.

விலை இல்லாமல் இல்லை. எரிபொருள் எரிய எரியத் தாங்கி இலேசாகும். பற்றரி தீர்ந்தாலும் அதே பாரம். எலெக்ட்ரோன் தன் மேற்கட்டத்தில் தீர்ந்துபோன பற்றரிகளை நடுவழியில் கழற்றி எறிந்துவிட்டுப் போகிறது. எஞ்சின் பெருக்கப் பெருக்கப் பற்றரிப் பாரம் தாங்க முடியாததாகிவிடும். ஆகவே இது சின்னவர்களின் வழி. பற்றரிகள் கைத்தொலைபேசிக்காகவும் மின்காருக்காகவும் இலேசாகிக்கொண்டு வந்ததன் பலனை ரொக்கெட்காரர் ஓசியில் எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

பெற்றோமக்ஸ் குழாயின் பாடம்

எண்ணெய் எரிகலத்துக்கு வந்துவிட்டது. இப்போது அடுத்த கஷ்டம்: உள்ளே வெப்பநிலை 3,000 பாகை செல்சியசைத் தாண்டும். எஞ்சினின் உடம்பு இன்கொனெல் என்ற நிக்கல் கலப்புலோகம். சூட்டைத் தாங்குவதில் பேர்போனது. ஆனாலும் 1,300 பாகையை ஒட்டி அதுவும் உருகிவிடும். உருகக்கூடிய பாத்திரத்துக்குள் எப்படி நெருப்பு வைப்பது?

விடை பெற்றோமக்ஸுக்குள் இருக்கிறது. அதில் மண்ணெண்ணெய் நேரே போய் எரிவதில்லை. மென்டிலை ஒட்டியபடி மேலேறும் ஒரு குழாய்க்குள்ளால் வந்து, அந்தச் சுவாலையின் சூட்டையே வாங்கி ஆவியாகி, பிறகுதான் எரிகிறது. எரியப்போகும் எண்ணெய், எரிந்துகொண்டிருக்கும் எண்ணெயின் சூட்டைக் குடித்துக்கொண்டு போகிறது. ரொக்கெட் எஞ்சினிலும் எரிகலத்தின் சுவருக்குள் நுண்ணிய வாய்க்கால்கள் ஓடும். மண்ணெண்ணெய் முதலில் அவற்றுக்குள் ஓடிச் சுவரைக் குளிர்விக்கும், தான் சூடாகும், பிறகு எரிகலத்துக்குள் இறங்கி எரியும். சுவரும் தப்பும், சூடும் வீணாகாது.

பெற்றோமக்ஸில் கரி அடைத்தால் ஊசியால் குத்தி எடுப்போம். ரொக்கெட்டின் வாய்க்காலில் அதற்கு இடமில்லை. எண்ணெய் ஓட்டம் மெதுவானால் சூடு ஏறும், சூடு ஏறினால் கரி படியும், கரி படிந்தால் சூடு கடத்தப்படாது, சுவர் உருகும். எல்லாம் சில வினாடிகளில். வாய்க்கால்களின் அகலம், எண்ணிக்கை, வளைவு ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வைப்பது அதனால்தான். எங்கள் மெக்கானிக்மார் பிளக்கில் கண்ட கரியும் இந்தப் பொறியியலாளர் கணினியில் துரத்தும் கரியும் ஒரே கரி.

ஒட்டு இல்லாத பாத்திரம்

இப்படிப்பட்ட வாய்க்கால் சுவரைப் பழைய முறையில் செய்வது நகைவேலை போன்றது. எஃப்-1 எஞ்சினின் சுவர், நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்களைப் பக்கம்பக்கமாக அடுக்கிச் சூளையில் பற்றவைத்துச் செய்தது. வேறு எஞ்சின்களில் உலோகச் சுவரில் கால்வாய் வெட்டி மேலே மூடி ஒட்டுவார்கள். எண்ணெயையும் ஒட்சிசனையும் உள்ளே தூவ, இடியப்ப உரலின் அச்சுப்போல் துளைகள் நிறைந்த தட்டு ஒன்று வேண்டும். அதையும் தனியே செய்து பொருத்த வேண்டும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு சந்தேகம். குளிரிலும் சூட்டிலும் உலோகம் சுருங்கி விரியும்போது முதலில் வாய்விடுவது ஒட்டுத்தான். ஒட்டு இருக்கும் இடமெல்லாம் ஆள் வைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

அக்னிகுல் கைவைத்தது இங்கேதான். அக்னிலெட் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் பிறந்த எஞ்சின். மெல்லிய உலோகத் தூளை ஒரு படையாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் கதிரால் உருக்குவார்கள். உருகிய இடம் இறுகும். அதன்மேல் அடுத்த படை, மறுபடி லேசர். ஒவ்வொரு படையும் தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. ஆயிரக்கணக்கான படைகள் ஏறி முடியும்போது தூவும் தட்டும், எரிகலமும், கழுத்தும், சுவருக்குள் ஓடும் வாய்க்கால்களும் சேர்ந்தே உருவாகியிருக்கும். கால்வாய் வெட்டி மூடும் வேலையே இல்லை, வெற்றிடம் வேண்டிய இடத்தில் தூளை உருக்காமல் விட்டுவிட்டால் போதும்.

இதனால் எவ்வளவு மிச்சம் என்பதை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் கணக்கு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் நான்காம் கட்டத்து எஞ்சினை அவர்களும் அச்சில் வார்த்து, அக்னிபாண் பறந்த அதே 2024 மே மாதத்தில் 665 வினாடிகள் எரித்துப் பார்த்தார்கள். முன்பு 14 பாகங்கள், இப்போது ஒன்று. 19 ஒட்டுகள் இல்லாமல் போயின. முன்பு ஒரு எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் தேவைப்பட்டது. அச்சில் 13.7 கிலோத் தூள் போதும். மிச்சமெல்லாம் முன்பு கடைந்து சீவித் தள்ளப்பட்டவை. செய்து முடிக்கும் நேரமும் 60 வீதம் குறைந்தது.

நேரம் குறைவதுதான் சின்ன நிறுவனத்துக்கு உயிர். எஞ்சின் என்பது காகிதத்தில் சரியாக வந்து எரியும்போது பிழைக்கிற சாமான். எரித்துப் பார்க்க வேண்டும், உடைந்தால் ஏன் என்று பார்க்க வேண்டும், மாற்றிச் செய்து மறுபடி எரிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு வருடம் எடுத்தால் நிறுவனம் மூடவேண்டிவரும். சில வாரங்களில் முடிந்தால் தப்பும். வாய்க்காலின் வளைவை மாற்ற இப்போது புது அச்சுக்கட்டை வேண்டாம், கணினிக் கோப்பை மாற்றினால் போதும். அக்னிலெட்டை 2022 நவம்பர் 4 அன்று தும்பாவில் 15 வினாடிகள் எரித்துச் சோதித்தார்கள். 1963 நவம்பரில் இந்திய மண்ணிலிருந்து முதல் ரொக்கெட் கிளம்பிய அதே கேரளத்து மீனவக் கிராமம் அது.

ஒரே துண்டு என்பதற்கு மறுபக்கமும் உண்டு. உருகாத தூள் வாய்க்காலுக்குள் சிக்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. உள்ளே கை போகாது, கண் போகாது. ஊடுகதிர்ப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அச்சிட்ட வாய்க்காலின் உட்புறம் கடைந்ததுபோல் வழுவழுப்பாக இராது. எண்ணெய் ஓட்டத்தை உரசிப் பிடிக்கும். ஒரு மூலையில் வெடிப்பு இருந்தால் அந்த மூலையை மட்டும் மாற்ற வழியில்லை. ஒட்டு இல்லாத பாத்திரத்தில் ஒட்டுப் போடவும் முடியாது.

மினிபஸ்ஸும் ஓட்டோவும்

இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு சின்ன ரொக்கெட் எதற்கு? பெரிய ரொக்கெட்டுகள் இருக்கின்றனவே.

இலங்கையின் முதல் செய்மதியான 'இராவணா-1' ஏறத்தாழ ஒரு கிலோ எடை. கையில் தூக்கலாம். 2019 ஏப்ரல் 17இல் அமெரிக்காவின் 'அன்ராரிஸ்' ரொக்கெட்டில், சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சரக்கோடு சரக்காக ஏறியது. அந்த ரொக்கெட்டின் முதற்கட்டமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. நிலையத்திலிருந்து விண்வெளியில் விடப்பட்டது ஜூன் 17இல். சின்னச் செய்மதிகளின் பயணம் பெரும்பாலும் இப்படித்தான். மினிபஸ் நிறையும் வரை காத்திருந்து, அது போகிற வழியில் போய், அது நிறுத்துகிற இடத்தில் இறங்க வேண்டும். 2017இல் ஒரு பி.எஸ்.எல்.வி. 104 செய்மதிகளையும், 2021இல் ஸ்பேஸ்-எக்ஸின் ஒரு ரொக்கெட் 143 செய்மதிகளையும் ஒரே பயணத்தில் ஏற்றிச் சென்றன.

அக்னிகுல் விற்க நினைப்பது ஓட்டோச் சவாரி. சுமார் 300 கிலோவரை, கேட்ட நாளில், கேட்ட பாதைக்கு. ஓட்டோவுக்குக் கிலோமீற்றர்க் காசு கூடத்தான். மினிபஸ் கட்டணம் விழ விழ ஓட்டோக்காரர் பாடு திண்டாட்டம். சின்னச் செய்மதிகளைக் கேட்ட பாதைக்கு ஏற்றுவோம் என்று வந்த 'வேர்ஜின் ஓர்பிற்' நிறுவனம் 2023இல் வங்குரோத்தானது. நல்ல எஞ்சின் செய்துவிட்டால் மட்டும் வியாபாரம் நிலைத்துவிடாது. 2024 பறப்பும் சுற்றுப்பாதைக்கானதல்ல. சுற்றுப்பாதையில் நிற்க வினாடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் வேகம் வேண்டும். அது வேறு மலை.

இங்கே அந்தக் கோடு மறுபடி வருகிறது. பூமியைப் படம் பிடிக்கும் செய்மதிகள் வடக்குத் தெற்காகத் துருவங்களைச் சுற்றுவதையே விரும்பும். அவை சுற்றச் சுற்றப் பூமி கீழே உருள்வதால், வயலும் புயலும் எல்லாம் முறைவைத்துக் கண்ணில் படும். அதற்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவ வேண்டும். நேர் தெற்கே 430 கிலோமீற்றரில் இருப்பது பருத்தித்துறை. எரிந்து முடிந்த கட்டங்கள் ஆட்கள் குடியிருக்கும் நிலத்தில் விழக்கூடாது என்பதால், பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலால் போய், எங்கள் தீவைச் சுற்றிக்கொண்டு பிறகுதான் தெற்கே திரும்புகிறது. வெறுவெளியில் ஹாண்டிலைத் திருப்பி வளைய முடியாது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் எரிபொருள் வேண்டும். பெரிய ரொக்கெட் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளும். சின்னதுக்கு ஏற்றிச் செல்லும் பாரத்தில் பெரும் பகுதி அந்த வளைவிலேயே போய்விடும்.

அதனால்தான் சின்ன ரொக்கெட்டுகளுக்கென்று தூத்துக்குடி மாவட்டத்தில், தசராவுக்குப் பேர்போன குலசேகரப்பட்டினத்தில், புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரை. அங்கிருந்து தெற்கே பார்த்தால் இலங்கை இடதுபக்கம் ஒதுங்கிவிடும். நேரே போகலாம்.

சத்தம் மாறும் வரை

மே 30க்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மார்ச் தொடக்கம் மே வரை நான்கு தடவை அக்னிபாணை ஏவத் தயாராக்கி, நான்கு தடவையும் நிறுத்தினார்கள். நான்காவது தடவை மே 28. எஞ்சினைக் கொளுத்துவதற்குச் சில வினாடிகளே இருந்தபோது, தீமூட்டும் கருவியில் ஐயம் எழுந்து நின்றது. உள்ளே மறை 183 பாகைக்கும் கீழே குளிர்வித்த ஒட்சிசன். இனி அதை இறக்கி, காரணம் தேடி, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

திண்ம எரிபொருள் ரொக்கெட் வாணம் போன்றது. கொளுத்தினால் கொளுத்தியதுதான். இந்தியாவின் முதல் தனியார் ரொக்கெட்டான 'விக்ரம்-எஸ்' 2022 நவம்பரில் அப்படித்தான் பறந்தது. திரவ எஞ்சினுக்கு மட்டும் குழாய் உண்டு. திறக்கலாம், மூடலாம். பம்பியும் வாய்க்காலும் கடுங்குளிரும் தருகிற தொல்லைகளுக்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது இந்தக் குழாய்தான்.

தோட்டத்தில் இறைப்பு மெசினைத் தொடக்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைச் சுற்றி இழுத்து, பெற்றோலில் ஓடவிட்டு, உடனே அந்தப்பக்கம் போகமாட்டார். காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார். சூடு பிடித்த மெசினின் சத்தம் வேறு. அது கேட்ட பிறகே மண்ணெண்ணெய்க் குழாயில் கை வைப்பார். அவசரப்பட்டுத் திறந்தால் மெசின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். கயிற்றை மறுபடி சுற்ற வேண்டும். பருத்தித்துறைக்கு நேர் வடக்கே அந்தக் கோட்டின் முனையில் நான்கு தரம் குழாயைத் திறக்காமல் திரும்பினார்கள். ஐந்தாம் தரம் சத்தம் சரியாக இருந்தது.